பழைய ஆம்னிக்குள் ஈக்கோ இன்ஜின்: டிஸ்ட்ரிபியூட்டரை எங்கே மாட்டுவது?

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

அப்பா வாங்கிய 1997 ஆம்னி, கார்புரேட்டர் வண்டி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, கொட்டகை மேல் தென்னை விழுந்து வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து அமுக்கிவிட்டது. தோப்பில் பாதி மரம் சாய்ந்து கிடந்த நேரத்தில் வண்டியை யார் பார்ப்பார்கள்? அப்படியே கிடந்தது. போன வருடம்தான் தகரத்தைத் தட்டி நிமிர்த்தினோம். இன்ஜின் மட்டும் தேறவில்லை. ரிங் தேய்ந்துபோய், ஸ்டார்ட் செய்தால் தோப்பு முழுக்கக் கொசு மருந்து அடித்த மாதிரி புகை.

திருச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பின்னால் லாரி மோதி நசுங்கிய 2014 ஈக்கோவின் இன்ஜின் கியர்பாக்ஸோடு கிடைத்தது. இன்ஜின் நம்பர் போட்டு பில்லும் கொடுத்தார்கள். கொண்டுவந்து இறக்கியதும் எங்கள் மெக்கானிக் மாமா சுற்றிச் சுற்றி வந்தார். எதையோ தேடினார். கடைசியில் கேட்டார், "இதுல டிஸ்ட்ரிபியூட்டர் எங்கடா?" பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கிற அந்த உருண்டையே இல்லை. கேப் இல்லை, ரோட்டார் இல்லை, பாயின்ட் இல்லை. மேலே இரண்டு காயில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ஒயரையெல்லாம் ஒரு சாண் விட்டுக் கடைக்காரர் கட்டரால் வெட்டி வைத்திருக்கிறார். மாமா சொன்னது: "தலை இல்லாத முண்டத்தை வாங்கிட்டு வந்துட்டியே."

கேள்வி மூன்று. பழைய டிஸ்ட்ரிபியூட்டரை இதில் மாட்ட முடியுமா? பழைய கார்புரேட்டரையே போட்டு ஓட்டலாமா? ஓடினால், தேங்காய் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகலாமா?

குடமுருட்டி (பாபநாசம்)

ஆம்னி மூன்று சிலிண்டர், ஈக்கோ நாலு சிலிண்டர். மூன்று ஒயர் போகிற கேப்பை மாட்டினால் நாலாவது சிலிண்டர் வேடிக்கை பார்க்குமா அண்ணே?

கிண்டல் இல்லை, எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. திண்ணையில் இடம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்பானர் 12 (மன்னார்குடி)

தம்பி, முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: முடியாது. அதை விடு. முதலில் இரும்பு வேலையைப் பேசுவோம், கரண்டு வேலையை வயர்மேன் வந்து சொல்லுவார்.

உன் பழைய இன்ஜின் 796 சிசி, 68.5 மில்லி போர் (சிலிண்டர் விட்டம்), 72 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), மூன்று சிலிண்டர். புதுசு 1196 சிசி, 71 போர், 75.5 ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர், பதினாறு வால்வு. இரண்டுமே சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தைத் தள்ளுகிற வகை. அதனால்தான் இந்த ஆசையே எல்லோருக்கும் வருகிறது. ஆனால் ஒரு சிலிண்டர் கூடினால் நீளம் கூடும். மவுண்டிங் பிராக்கெட் புதிதாக அடிக்க வேண்டும். பழைய கியர்பாக்ஸோடு மல்லுக்கட்டாதே, ஈக்கோ கியர்பாக்ஸையே வை. அப்போது பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும். லேத்தில் கொடுத்து வெட்டி ஒட்டினால் மட்டும் போதாது, பேலன்ஸ் பார்க்கச் சொல். பார்க்காவிட்டால் 40 தாண்டியதும் வண்டி சாமியாடும்.

ரேடியேட்டரையும் இன்ஜினுக்குத் தகுந்ததாகப் போடு. ஆம்னியில் ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் சீட்டுக்கடியில், நடுவே நீள பைப். தண்ணீர் ஊற்றும்போது காற்று அடைத்துக்கொண்டால் ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கும், இன்ஜின் மட்டும் கொதிக்கும். முன்பக்கத்தை மேடான இடத்தில் நிறுத்தி, ஹீட்டாகும் வரை ஓடவிட்டுக் காற்றை எடு.

கடைசியாக, முக்கியமானது. பழைய இன்ஜின் கொடுத்தது சுமார் 37 குதிரைசக்தி. இது 73. ஏறக்குறைய இரண்டு மடங்கு. உன் வண்டியில் முன்சக்கரத்தில் டிரம்மா டிஸ்க்கா? ஓடுவதற்கு வழி பார்க்கிறவன் நிற்பதற்கும் வழி பார்க்க வேண்டும்.

வயர்மேன் (திருவாரூர்)

ஸ்பானர் அண்ணன் என்னை மாட்டிவிட்டார். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் இரண்டு வேலை செய்கிறது. பொறி எப்போது என்பதைப் பாயின்ட் முடிவு செய்கிறது. பொறி யாருக்கு என்பதை ரோட்டார் முடிவு செய்கிறது. அதற்கு மேல், வேகம் கூடக்கூடப் பொறியை முன்னே தள்ள உள்ளே ஸ்பிரிங்கும் எடைக்கட்டியும், பக்கத்தில் ஒரு வேக்குவம் டப்பாவும் இருக்கும். அந்த உருண்டை மேல் கையை வைத்து அரை நூல் திருப்பினால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், மாறும். உங்கள் மாமா தேடியது அந்த உருண்டையைத்தான்.

புதிய இன்ஜினில் அதைத் தூக்கிவிட்டார்கள், ஆனால் வேலை எங்கேயும் போகவில்லை. "எப்போது" என்பது கிராங்க் சென்சாருக்கும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசிஎம் டப்பாவுக்கும் போய்விட்டது. கிராங்கோடு சுற்றும் பல் சக்கரத்தில் ஓரிடத்தில் பல் இருக்காது. அந்தப் பொக்கையைச் சென்சார் எண்ணி, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று ஈசிஎம்முக்குச் சொல்லும். அதோடு மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) பிரஷர், தண்ணீர் சூடு, வேகம் எல்லாவற்றையும் சேர்த்து டைமிங்கை ஈசிஎம் கணக்குப் போடும். கையால் திருப்ப ஒன்றும் கிடையாது.

"யாருக்கு" என்பது அந்த இரண்டு காயிலில் இருக்கிறது. நாலு சிலிண்டரில் 1-ம் 4-ம் ஒன்றாக மேலே வரும், 2-ம் 3-ம் ஒன்றாக மேலே வரும். ஒரு காயில் 1-4 ஜோடிக்கு, இன்னொன்று 2-3 ஜோடிக்கு. காயில் வெடிக்கும்போது இரண்டு பிளக்கிலும் ஒரே சமயம் பொறி. ஒன்று கம்ப்ரெஷனில் இருக்கும், அங்கே வேலை நடக்கும். இன்னொன்று புகை தள்ளிக்கொண்டிருக்கும், அங்கே பொறி வீண். வீண்பொறி என்றாலும் நஷ்டம் பெரிதில்லை, அழுத்தம் இல்லாத இடத்தில் பொறி தாண்டக் குறைந்த வோல்ட்டே போதும். ஒரு வேடிக்கை: ஜோடியில் ஒரு பிளக்கில் பொறி நடுக்கம்பியிலிருந்து ஓரத்துக்குப் போகும், மற்றதில் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தாண்டும். ரொம்ப நாள் ஓடிய பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு மாதிரி தேய்ந்திருக்கும்.

மூன்று சிலிண்டரில் இப்படி ஜோடி கட்ட முடியாது, ஒவ்வொரு பிஸ்டனும் தனித்தனியாக மேலே வரும். ஜோடி காயில் யோசனை உன் பழைய ஆம்னி இன்ஜினுக்கு ஏன் பொருந்தாது என்று யாராவது கேட்டால் இதுதான் பதில்.

இரண்டாவது கேள்வி, கார்புரேட்டர். மாட்டலாம். ஆனால் பொறிக்கு அப்போதும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், தனியாக வாங்க வேண்டும். அதற்குள்ளே டைமிங் கணக்கை யார் எழுதுவது? கார்புரேட்டரை வைத்துக்கொண்டு இதற்குச் செலவு செய்வது, பட்டு வேட்டிக்குச் சணல் கயிறு கட்டுகிற மாதிரி. பெட்ரோலை அளந்து தெளிக்கிற ஈக்கோவின் இன்ஜெக்ஷனையே முழுதாகக் கொண்டுவா.

முழுதாக என்றால்: ஒயரிங் கிட் வெட்டாமல், ஈசிஎம், ரிலே டப்பா, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், ஃபேன் ஒயர், சாவி. ஆமாம், சாவி. உன் இன்ஜின் வந்த ஈக்கோவில் இம்மொபிலைசர், அதாவது திருட்டுத் தடுப்புப் பூட்டு, இருந்தால் சாவியின் தலையில் சிப் இருக்கும், சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். சிப், வளையம், ஈசிஎம் மூன்றும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளாவிட்டால் இன்ஜின் ஓடாது. நாளைக்கே பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போ, வண்டியை நசுக்குவதற்குள்.

பெட்ரோல் வேறு. கார்புரேட்டருக்கு இன்ஜினில் இருந்த மெக்கானிக்கல் பம்ப் போதும். இன்ஜெக்டருக்குச் சுமார் 3 பார் வேண்டும், டேங்குக்குள் கரண்டு பம்ப். ஆம்னியே பிற்காலத்தில் இதே பாடியில் எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்ஷன் வண்டியாக வந்தது. அந்த டேங்கைத் தேடு, போல்ட் துளைகளை உன் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கு. பழைய ரப்பர் ஹோஸை 3 பாருக்கு மாட்டினால் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் தெளிக்கும். உட்கார்ந்திருப்பது அதன் மேல்தான் என்பதை மறக்காதே.

இன்னொன்று. பிராக்கெட் வெல்டிங் அடிக்கும் முன் பேட்டரி ஒயரையும் ஈசிஎம் சாக்கெட்டையும் கழற்றிவிடு. நான் பார்த்து ஒரு ஈசிஎம் அப்படிச் செத்திருக்கிறது.

குடமுருட்டி (பாபநாசம்)

வயர்மேன் அண்ணே, ஒரு சந்தேகம். எம்பிஎஃப்ஐ என்றாலே டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை என்றுதானே அர்த்தம்?

வயர்மேன் (திருவாரூர்)

இல்லை. அது பெட்ரோல் விஷயம், இது பொறி விஷயம். இன்ஜெக்ஷன் இருந்தும் டிஸ்ட்ரிபியூட்டரோடு வந்த இன்ஜின்கள் உண்டு. பேட்ஜைப் பார்த்து வாங்காதே, பிளக் ஒயர் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்து வாங்கு.

உப்புக்காற்று (வேதாரண்யம்)

எல்லோரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கருமாதி செய்கிறீர்கள். எதிர்க்கட்சியாக நான் ஒருவனாவது பேசுகிறேன்.

என்னிடமும் ஆம்னிதான், 1999. ராத்திரி இரண்டரை மணிக்கு மீன் ஏற்றிக்கொண்டு திருத்துறைப்பூண்டி போகிறேன். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஊர்க் காற்றே உப்புத் தண்ணீர்தான். செல்ஃப் அடிக்கும், அடிக்கும், வண்டி பிடிக்காது. ஒரு நாள் டார்ச்சை அணைத்துவிட்டுச் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். மருமகனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். கேப்பைச் சுற்றி நீலமாக ஒரு நூல் ஓடுகிறது, பூரான் மாதிரி. பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் மேல் ஊர்ந்து இரும்புக்குப் போகிறது. பகலில் கழற்றிப் பார்த்தால் கேப்பின் உள்ளே பென்சிலால் கிறுக்கிய மாதிரி மெல்லிய கோடு. அதுதான் கார்பன் தடம். ஒரு தடவை விழுந்தால் பொறி அந்த வழியை விடாது, துடைத்தாலும் போகாது. கேப்பையே மாற்ற வேண்டும்.

அன்றிலிருந்து டேஷ்போர்டில் ஒரு கேப், ஒரு ரோட்டார், ஒரு செட் பாயின்ட், பிளாஸ்டிக் பையில் சுற்றி. பிளக் ஒயர் ரப்பருக்குள் சிலிகான் கிரீஸ். பாயின்ட் கருகினால் உப்புத்தாள் துண்டு. உப்புக்காற்றால் வந்த வினையை உப்புத்தாளால் தீர்த்துக்கொண்டிருக்கிறேன், கடை நடக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டர் வண்டி கருப்பம்புலம் தாண்டி ராத்திரி மூன்று மணிக்குக் கிராங்க் சென்சார் போய் நின்றால்? உப்புத்தாளை எங்கே தேய்ப்பது? மீன் காத்திருக்குமா?

வயர்மேன் (திருவாரூர்)

நியாயமான கேள்வி அண்ணே, மழுப்ப மாட்டேன். கிராங்க் சென்சார் போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். டிஸ்ட்ரிபியூட்டர் சாகும்போது ஒரு மாதம் இருமிக் காட்டும். இது சொல்லாமல் கொள்ளாமல் போகும். நீங்கள் கேப் வைத்திருக்கிற மாதிரி ஒரு சென்சாரை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளலாம், இருட்டில் மாற்றுவது உங்கள் பாடு. ஆனால் அந்த நீலப் பூரான் வராது. பொறி சுற்றிச் சுழன்று தாவ இங்கே கேப்பும் ரோட்டாரும் இல்லை. ஈரம் ஏற வேண்டுமானால் ரப்பருக்குள்தான் ஏற வேண்டும்.

உங்கள் வண்டி ஓடுகிறது, அதைத் தொடாதீர்கள். தோப்பு ஆம்னியின் கதை வேறு, அவரிடம் இன்ஜினே இல்லை.

ஆர்சி புக் (தஞ்சாவூர்)

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் நைசாக நழுவிவிட்டீர்கள். சரி, அந்தப் பாவத்தை நான் சுமக்கிறேன்.

மார்க்கெட்டுக்குப் போக முடியாது தம்பி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். வண்டியைத் தயாரித்தவர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகிற மாதிரி எந்த மாற்றமும் செய்யக் கூடாது. உங்கள் ஆர்.சி.யில் 796 சிசி, மூன்று சிலிண்டர். இன்ஜின் 1196, நாலு. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இதே கண்டிப்போடு வாசித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ சேர்ந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இன்ஜின் போய்விட்டது, அதே வகை இன்ஜினை மாற்றுகிறேன் என்றால் கதை வேறு. ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, பில்லோடு வண்டியைக் காட்டி, புது இன்ஜின் நம்பரை ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 796-ஐ எடுத்து 796-ஐ வைக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், ஒளித்து வைக்காமல் போனால் போதும்.

இதெல்லாம் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கப் போகிறாரா என்று கேட்பீர்கள். அவர் பார்க்காமல் போகலாம். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் இன்ஜின் நம்பரைப் பார்ப்பார். எதிரில் வந்தவர் குடும்பத்துக்கு நீங்கள் தோப்பை விற்றுக் கொடுப்பீர்களா?

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

இரண்டு நாள் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆர்.சி. 2017-லேயே காலாவதி. அதைப் புதுப்பிக்கலாம் என்றுதான் கனவு கண்டுகொண்டிருந்தேன். வீட்டில் பேசிப் பார்த்தோம். வண்டி தோப்புக்குள்ளேயே ஓடட்டும் என்று முடிவு. காய் வெட்டிக் குவித்த இடத்திலிருந்து மட்டை உரிக்கிற களம் வரை இழுத்தால் போதும். மார்க்கெட்டுக்கு வழக்கம்போல வாடகை மினி லாரி.

ஒரே சிக்கல், தோப்புக்கும் களத்துக்கும் நடுவே பஞ்சாயத்து ரோடு ஒன்று குறுக்கே போகிறது. பத்தடி அகலம்தான்.

ஆர்சி புக் (தஞ்சாவூர்)

பத்தடி என்றாலும் ரோடு ரோடுதான்.

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

சரி அண்ணே, களத்தை இந்தப் பக்கம் மாற்றிவிடுகிறேன்.

குடமுருட்டி (பாபநாசம்)

இன்ஜினுக்காகக் களத்தையே மாற்றுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கேஸ் போட்டு ஓட்டலாமே, தோப்புக்குள் யார் கேட்பது?

வயர்மேன் (திருவாரூர்)

சமையல் சிலிண்டரைத்தானே சொல்கிறாய். அந்தப் பேச்சே வேண்டாம். முறையான கிட்டாக இருந்தாலும், கேஸைக் காற்றோடு கலந்து உள்ளே விடுகிற பழைய மிக்சர் வகைக்கும் ஜோடி காயிலுக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. வீண்பொறி விழும் சமயத்தில் இன்லெட் வால்வு திறக்க ஆரம்பித்திருந்தால், மேனிஃபோல்டு முழுக்க நிற்கிற கேஸ் பற்றிக்கொண்டு ஏர் ஃபில்டர் டப்பா பறக்கும்.

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

ஐந்து வாரத்துக்கு அப்புறம் வருகிறேன்.

திருச்சிக் கடையில் மீதி ஈக்கோ இன்னும் நசுங்காமல் நின்றது, என் நல்ல நேரம். ஒயரிங் கிட்டைக் கழற்ற ஒரு பகல் முழுக்க ஆனது. சாவி கல்லாப்பெட்டியில் வேறு முப்பது சாவிகளோடு கிடந்தது. இன்ஜின் பக்கம் வெட்டியிருந்த ஒரு சாணையும் ஒவ்வொன்றாகக் கலர் பார்த்து, ஈயம் வைத்து ஒட்டி, ஸ்லீவ் போட்டோம். இருபத்தெட்டு ஒயர். மாமா பக்கத்திலேயே வரமாட்டேன் என்றுவிட்டார், "நூல் கண்டு பிரிக்கிற வேலைக்கு உங்க அத்தையைக் கூப்பிடு" என்றார்.

மவுண்டிங், ஷாஃப்ட், ரேடியேட்டர் எல்லாம் ஸ்பானர் அண்ணன் சொன்ன மாதிரி. ஈசிஎம்மைச் சீட்டுக்கடியில் வைக்காமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் உயரமாக வைத்தேன், அடைமழையில் வாய்க்கால் பொங்கினால் தோப்பில் முழங்கால் தண்ணீர் நிற்கும். எம்பிஎஃப்ஐ ஆம்னி டேங்க் தஞ்சாவூரில் கிடைத்தது, ஒரு துளைதான் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

நேற்று சாவியைப் போட்டால் டேங்கில் பம்ப் இரண்டு வினாடி உறுமியது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்துப் பார்த்தேன். நாலிலும் பொறி இல்லை.

வயர்மேன் (திருவாரூர்)

சாவி போட்டதும் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட லைட் எரிந்து அணைகிறதா, மினுக்குகிறதா?

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

மினுக்குகிறது. பழைய ஆம்னியின் சாவிப் பூட்டைத்தான் வைத்திருக்கிறேன், ஈக்கோ சாவி பாக்கெட்டில் இருக்கிறது.

வயர்மேன் (திருவாரூர்)

பாக்கெட்டில் இருந்தால் ஈசிஎம்முக்கு எப்படித் தெரியும்? வளையத்துக்குள் சிப் இருக்க வேண்டும். ஈக்கோவின் பூட்டையே வளையத்தோடு மாட்டு.

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

பூட்டை மாற்றினேன். ஸ்டார்ட் ஆனது! ஆனால் சந்தோஷம் கால் நிமிடம்கூட இல்லை. இருமுகிறது, ஏர் ஃபில்டர் வழியாகத் தும்முகிறது, குலுங்கி நிற்கிறது.

வயர்மேன் (திருவாரூர்)

இரண்டு காயிலின் சாக்கெட்டையும் மாற்றிச் செருகியிருக்கிறாய், பந்தயம் கட்டுகிறேன். ஒன்றின் பொறி மற்றதுக்குப் போகிறது. 1-ம் 4-ம் இடம் மாறினால் ஒன்றும் ஆகாது, இரண்டுக்கும் ஒரே நேரத்தில்தான் பொறி. ஆனால் 1-4 ஜோடியும் 2-3 ஜோடியும் மாறினால் கிராங்கில் அரைச் சுற்றுத் தப்பும். பெட்ரோல் உறிஞ்சுகிற சிலிண்டரில் போய்ப் பொறி விழும், தும்மாமல் என்ன செய்யும்?

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

அதேதான். மாற்றிச் செருகினேன். இப்போது தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது. மாமா ஒரு மணி நேரம் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் டைமிங் லைட் எடுத்து வந்தார். அதில் ஆர்.பி.எம். 1600 காட்டியது, ஐடிலில்! இன்ஜின் அப்படி ஓடவே இல்லை.

ஸ்பானர் 12 (மன்னார்குடி)

வீண்பொறியையும் சேர்த்து எண்ணுகிறது தம்பி. பாதியாக்கிக்கொள், 800.

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

நன்றி அண்ணே. ஆனால் கடைசியாக ஒரு வில்லங்கம், நாலு நாளாக மண்டையைக் குடைகிறது.

காலையில் நன்றாக ஓடுகிறது. ஹெட்லைட் போட்டாலோ ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கினாலோ மிஸ்ஸிங். இன்ஜின் லைட் வந்து வந்து போகிறது. செல்ஃப் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றுகிற மாதிரியும் இருக்கிறது. பேட்டரி புதுசு. கிராங்க் சென்சார், காயில் எல்லாம் வேறு போட்டுப் பார்த்துவிட்டேன். இருபத்தெட்டு ஒட்டையும் பிரித்துத் திரும்ப ஒட்டினேன்.

வயர்மேன் (திருவாரூர்)

ஆக்சிஜன் சென்சார் ஒயர் புகைக்குழாயில் பட்டு உருகியிருக்கிறதா பார். ஸ்கேனர் மாட்டினால் எந்தப் பழுது என்று குறியீட்டெண் காட்டும். சனிக்கிழமை வரட்டுமா?

ஸ்பானர் 12 (மன்னார்குடி)

சனிக்கிழமை வரை வேண்டாம். தம்பி, நாலைந்து தடவை தொடர்ந்து செல்ஃப் அடித்துவிட்டுக் கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பார். கையை வைத்தவுடன் எடுத்துவிடு.

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

அண்ணே, சுடுகிறது! இட்லிக் கொப்பரை மூடி மாதிரி. இது எப்படி?

ஸ்பானர் 12 (மன்னார்குடி)

எர்த். இன்ஜின் நாலு ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாடிக்கும் அதற்கும் இரும்போடு இரும்பு தொடர்பு கிடையாது. பேட்டரி நெகட்டிவ்வைப் பாடியில் கட்டியிருப்பாய். பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு பின்னல் பட்டை போக வேண்டும், பழைய வண்டியில் இருந்திருக்கும். கியர்பாக்ஸ் மாறியதும் எட்டவில்லை என்று விட்டிருப்பாய். செல்ஃப் இழுக்கிற அத்தனை கரண்டும் திரும்பிப் போக வழியில்லாமல் கிளட்ச் கேபிள் வழியாகப் போகிறது. ஆல்டர்னேட்டர் கரண்டுக்கும் அதே கதிதான், அதனால்தான் லைட் போட்டால் மிஸ்ஸிங்.

கார்புரேட்டர் காலத்தில் இது நடந்தால் லைட் மங்கும், கேபிள் இறுகும், வண்டி எப்படியோ ஓடும். இங்கே சென்சாரெல்லாம் அரை வோல்ட், ஒரு வோல்ட் கணக்கில் பேசுகிறது. எர்த் ஆடினால் அத்தனையும் உளறும்.

வயர்மேன் (திருவாரூர்)

வெட்கமாக இருக்கிறது. நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது இது. மீட்டரை டிசி வோல்ட்டில் வை, ஒரு கம்பி பேட்டரி நெகட்டிவ் மேல், இன்னொன்று இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு வருகிறது?

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

1.6.

வயர்மேன் (திருவாரூர்)

0.2-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தடிமனான பட்டை ஒன்று கியர்பாக்ஸ் போல்ட்டிலிருந்து பாடிக்கு, இன்னொன்று பிளாக்கிலிருந்து நேராகப் பேட்டரி நெகட்டிவ்வுக்கு. இரண்டு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுக் கட்டு. கிளட்ச் கேபிளையும் மாற்றிவிடு, உள்ளே உருகியிருக்கும்.

உப்புக்காற்று (வேதாரண்யம்)

பெயின்ட்டைச் சுரண்ட எதை எடுப்பாய்? உப்புத்தாள். கடைசியில் என் கட்சிக்குத்தான் வந்து சேர்ந்தீர்கள்.

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

0.15. ஹெட்லைட், ஃபேன், ஹார்ன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. இன்று முதல் லோடு அடித்தோம். முந்நூறு காய், இரண்டாவது கியரில் முக்காமல் வந்தது. மாமா ஓட்டினார், எனக்குக் கொடுக்கவில்லை.

பிரேக் முன்னால் டிரம்தான் ஸ்பானர் அண்ணே. லைனர், வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு போட்டிருக்கிறேன். தோப்புக்குள் மூன்றாவது கியரே போட முடியாது, வரப்பு குறுக்கே வந்துவிடும்.

உப்புக்காற்று (வேதாரண்யம்)

எல்லாம் சரி தம்பி. அந்தப் பழைய இன்ஜினில் இருந்த டிஸ்ட்ரிபியூட்டர் என்ன ஆயிற்று?

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

கொட்டகையில் கிடக்கிறது அண்ணே. கேப் கஜாவுக்கு ஆறு மாதம் முன்பு போட்டது, உள்ளே கோடு ஒன்றும் இல்லை. ஷாஃப்டில் ஆட்டமும் இல்லை.

உப்புக்காற்று (வேதாரண்யம்)

வித்துவிடாதே. வெள்ளிக்கிழமை முத்துப்பேட்டைக்கு வருகிறேன், அங்கிருந்து பட்டுக்கோட்டை எவ்வளவு தூரம். பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன். கூடவே வேக்குவம் டப்பாவையும் கழற்றாமல் கொண்டுவா. உனக்கு இரண்டு கிலோ வஞ்சிரம்.

தோப்பு ஆம்னி (பட்டுக்கோட்டை)

பாயின்ட் செட்டும் சேர்த்துத் தருகிறேன் அண்ணே. மூன்று கிலோ.